பரம் வீர் சக்ரா பதக்கத்தில் ஒரு முனிவரின் எலும்பு: இந்து மரபு யாரை ‘வீரர்’ என்கிறது?

ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் வீர விருதுகள் பற்றிய செய்திகள் வரும். அந்த வரிசையில் உச்சியில் இருப்பது பரம் வீர் சக்ரா. எதிரியை நேருக்கு நேர் சந்தித்துக் காட்டும் மிக உயர்ந்த வீரத்துக்கு நாடு தரும் ராணுவ விருது இது. 1950 ஜனவரி 26 அன்று உருவாக்கப்பட்டது. 1999 கார்கில் போர் வரை 21 பேர் இதைப் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பிறகே வழங்கப்பட்டது.

அந்த வெண்கலப் பதக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. நடுவில் அரசின் சிங்கச் சின்னம். அதைச் சுற்றி நான்கு வஜ்ராயுதங்கள். வஜ்ராயுதம் இந்திரனுடையது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அது எதனால் செய்யப்பட்டது தெரியுமா? புராணப்படி, ஒரு முனிவரின் எலும்பால்!

பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்ரி பாய் கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்து, சமஸ்கிருதமும் புராணங்களும் படித்தவர். போர் வீரத்துக்கான விருதுக்கு அவர் தேர்ந்தெடுத்த அடையாளம், வாழ்நாளில் ஆயுதமே எடுக்காத ஒரு முனிவரை நினைவுபடுத்துகிறது.

ஏன் அப்படி? இந்து மரபில் வீரம் என்றால் உண்மையில் என்ன? அறத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ததீசி?

ததீசி முனிவரின் எலும்பைக் கொண்டு இந்திரன் எதிரிகளை வென்றான் என்ற குறிப்பு ரிக் வேதத்திலேயே இருக்கிறது. மகாபாரதமும் பாகவத புராணமும் இதை முழுக் கதையாகச் சொல்கின்றன.

விருத்திரன் என்ற அசுரனைத் தேவர்களால் வெல்ல முடியவில்லை. இருக்கும் ஆயுதம் எதுவும் பலிக்கவில்லை. ததீசியின் எலும்பில் செய்த ஆயுதத்தால் மட்டுமே அவனை வீழ்த்த முடியும் என்று தெரியவருகிறது. ஆக, உயிரோடு இருக்கிற ஒருத்தர்கிட்ட போய், உங்க எலும்பு வேணும் என்று கேட்க வேண்டிய நிலைமை.

பாகவதத்தில் இந்த இடம் சுவாரஸ்யமானது. ததீசி உடனே தலையாட்டிவிடவில்லை. சிரித்துக்கொண்டே, உயிர் போகும் வலி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா, உடம்பு யாருக்குத்தான் பிரியமில்லை என்கிற மாதிரி கேட்கிறார். தேவர்கள் பதில் சொன்ன பிறகுதான், உங்கள் வாயால் அறம் பற்றிக் கேட்க ஆசைப்பட்டேன், அதனால்தான் மறுப்பதுபோல் பேசினேன் என்கிறார். எப்படியும் ஒருநாள் என்னை விட்டுப் போகப்போகிற உடம்பு இது என்று சொல்லி, யோகத்தில் அமர்ந்து உயிரை விடுகிறார்.

மரணத்தின் வலி தெரியாமல் செய்த காரியம் இல்லை இது. தெரிந்தே செய்தது. உத்தரப் பிரதேசத்தின் சீதாப்பூர் மாவட்டத்தில், நைமிசாரண்யத்துக்குப் பக்கத்தில் உள்ள மிஸ்ரிக்கில் ததீசி பெயரில் ஒரு தீர்த்தக் குளம் இன்றும் இருக்கிறது.

எதிரியும் வீரன்தான்

வஜ்ராயுதம் கிடைத்தது, அசுரன் செத்தான், சுபம் என்று கதை முடிந்துவிடவில்லை. பாகவதத்தில் அதுக்கு அப்புறம்தான் விஷயமே இருக்கு.

போரில் அசுரப் படை சிதறி ஓடுகிறது. தேவர்கள் துரத்தித் துரத்தி அடிக்கிறார்கள். அப்போது அவர்களை நிறுத்தி, ஓடுகிறவன் முதுகில் அடிப்பதில் என்ன பெருமை என்று கேட்பது விருத்திரன். பிறகு அவன் அடித்த அடியில் இந்திரனின் கையிலிருந்து வஜ்ராயுதம் நழுவிக் கீழே விழுகிறது. எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது குனிந்து எடுக்க இந்திரனுக்கு வெட்கம். வருத்தப்பட இது நேரமில்லை, ஆயுதத்தை எடுத்துப் போரிடு என்று சொல்வதும் அதே விருத்திரன்தான். தன்னைக் கொல்லப்போகும் ஆயுதம் அதுதான் என்று தெரிந்தே சொல்கிறான்.

ஜெயித்த பிறகு இந்திரன் சந்தோஷமாக இருந்தானா என்றால் அதுவும் இல்லை. விருத்திரனைக் கொன்ற பாவம் துரத்த, மானசரோவர் ஏரியில் ஒரு தாமரைத் தண்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறான்.

இந்த ஒரே கதையில் மூன்று பேரை வைத்துப் பாருங்க. ஆயுதமே எடுக்காத முனிவர், நேர்மையாகப் போரிட்டுத் தோற்ற அசுரன், ஜெயித்தும் நிம்மதி இழந்த தேவராஜன். வெற்றி ஒருத்தருக்குத்தான் கிடைத்தது. ஆனால் மரியாதை மற்ற இருவருக்கும் போகிறது. இந்து மரபில் வீரத்தைப் புரிந்துகொள்ள இதுதான் நல்ல தொடக்கம்.

வீரத்தில் எத்தனை வகை?

நாடகக் கலைக்கு அடிப்படை நூலான பரதரின் நாட்டிய சாஸ்திரம் வீரத்தை மூன்றாகப் பிரிக்கிறது: கொடை, அறம், போர். 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்த விசுவநாதரின் சாகித்ய தர்ப்பணம் என்ற இலக்கண நூல், அதோடு கருணையையும் சேர்த்து நான்காகச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணமும் தருகிறது.

• போர் வீரம் (யுத்த வீரம்): ராமன்
• கொடை வீரம் (தான வீரம்): வென்ற பூமி முழுவதையும் தானமாகக் கொடுத்த பரசுராமன்
• கருணை வீரம் (தயா வீரம்): ஜீமூதவாகனன்
• அற வீரம் (தர்ம வீரம்): யுதிஷ்டிரன், அதாவது தருமர்

நான்கில் ஒன்றில்தான் ஆயுதம் வருகிறது என்பதைக் கவனிச்சீங்களா?

இதில் இன்னொரு முக்கியமான விஷயம் உண்டு. நவரசங்களில் வீரம் ஒரு ரசம், ரௌத்திரம் வேறொரு ரசம். ரௌத்திரத்தின் அடிப்படை கோபம். வீரத்தின் அடிப்படையாகச் சொல்லப்படுவது ‘உற்சாகம்’. ஒரு காரியத்தைத் தளராமல் எடுத்துச் செய்யும் ஊக்கம் என்று புரிந்துகொள்ளலாம். கண் சிவப்பதும் முகம் சிவப்பதும் ரௌத்திரத்தின் அடையாளம், அதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம் என்கிறது சாகித்ய தர்ப்பணம். நம்ம சினிமாவில் ஹீரோ கண் சிவக்கக் கத்தும் காட்சியை இந்த இலக்கணத்தில் வைத்தால், அது வீரக் கணக்கில் வராது!

தமிழ் இலக்கணமும் இதே திசையில்தான் போகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், பெருமிதம் தனி, வெகுளி தனி. வீரத்தைக் குறிக்கும் பெருமிதம் பிறக்கும் இடங்களும் நான்கு: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. கல்வியை வீரத்தின் பிறப்பிடமாக முதலில் வைத்த நூல் நம்மிடம் இருக்கிறது.

சரி, இந்த நான்கு வகை வீரமும் கதைகளில் எப்படி இருக்கின்றன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போர் வீரம்: எல்லை எங்கே?

குருக்ஷேத்திரப் போர் தொடங்கும் முன் இரு தரப்பும் விதிகள் பேசிக்கொண்டதாக மகாபாரதத்தின் பீஷ்ம பர்வம் சொல்கிறது. ஆயுதம் இழந்தவரைத் தாக்கக் கூடாது. புறமுதுகிட்டு ஓடுபவரைத் தாக்கக் கூடாது. வேறொருவரோடு போரிட்டுக்கொண்டிருப்பவரை இடையில் புகுந்து தாக்கக் கூடாது. தேரோட்டிகளையும் முரசு கொட்டுபவர்களையும் தொடக் கூடாது.

ஆனால் போர் முடிவதற்குள் இரண்டு பக்கமும் விதிகளை மீறிவிட்டன. அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றார்கள். தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து நின்ற கர்ணன் மீது அர்ஜுனன் அம்பு எய்தான். இதையெல்லாம் மகாபாரதம் மறைக்கவில்லை. நல்ல பக்கம் செய்ததால் சரி என்று கடந்துபோகவும் இல்லை.

இதில் உச்சம் அஸ்வத்தாமன். போர் முடிந்த இரவில், தூங்கிக்கொண்டிருந்த பாண்டவர் முகாமுக்குள் புகுந்து கொன்று குவித்தான். தூங்குபவர்களைக் கொல்வது அறமில்லை என்று அவன் மாமா கிருபரே தடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. எதிரி முகாமுக்குள் நுழைய நெஞ்சுரம் வேண்டும்தான். ஆனால் அதை யாரும் வீரம் என்று கொண்டாடவில்லை. 3,000 ஆண்டுகள் தனியாக அலைய வேண்டும் என்ற சாபம்தான் அவனுக்குக் கிடைத்தது.

ராமாயணத்தில் இதுக்கு நேர் எதிர்க் காட்சி. களைத்துப்போய், ஆயுதம் இழந்து நின்ற ராவணனை அன்றைக்கே ராமன் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிடுகிறான். ராவணன் இறந்த பிறகும், பகை மரணத்தோடு முடிந்தது, முறைப்படி இறுதிச் சடங்கு செய் என்று விபீஷணனிடம் சொல்கிறான். அதே ராமன் மறைந்திருந்து வாலியைக் கொன்றது சரியா என்ற கேள்வியையும் ராமாயணம் வாலியின் வாயாலேயே கேட்க வைக்கிறது. தமிழ்ப் பட்டிமன்றங்களில் இன்றும் சூடு குறையாத தலைப்பு அது.

கொடை வீரம்: கர்ணன் ஏன் நம் மனதில் நிற்கிறான்?

தமிழ்நாட்டில் கொடை என்றால் கர்ணன்தான். பிறவியிலேயே உடலோடு ஒட்டி வந்த கவசத்தையும் குண்டலத்தையும் இந்திரன் பிராமண வேடத்தில் வந்து கேட்கிறான். வருவது யார், எதுக்கு வருகிறான் என்று சூரியன் முன்கூட்டியே எச்சரித்தும் கர்ணன் அறுத்துக் கொடுக்கிறான். வியாச பாரதத்தில், சூரியன் சொன்ன யோசனைப்படி பதிலுக்கு ஒரு சக்தி ஆயுதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான் என்பதும் உண்டு.

சாகும் தறுவாயில் தன் புண்ணியம் முழுவதையும் கண்ணனுக்குத் தானம் செய்யும் காட்சி வியாச பாரதத்தில் கிடையாது. அது வில்லிபுத்தூராரின் தமிழ் பாரதத்தில் வருவது. 1964-ல் வெளியான சிவாஜி கணேசனின் ‘கர்ணன்’ படம் அந்தக் காட்சியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

தனக்கு மிச்சமானதைக் கொடுப்பது நல்ல பழக்கம். தன் உயிரைக் காப்பாற்றக்கூடியதையே கொடுப்பதைத்தான் மரபு ‘வீரம்’ என்கிறது. ததீசி இருப்பதும் இந்த வரிசையில்தான்.

கருணை வீரம்: புறாவும் பாம்பும்

பருந்துக்குப் பயந்து தஞ்சம் புகுந்த புறாவுக்காகத் தன் சதையை அறுத்துத் தராசில் வைத்தவன் சிபி. சங்கப் புலவர்கள் சோழர்களை அவன் வழிவந்தவர்களாகப் பாடினார்கள். அதனால் இந்தக் கதை தமிழருக்குச் சொந்தக் கதை மாதிரியே ஆகிவிட்டது.

ஜீமூதவாகனன் கதை நம்ம பக்கம் அவ்வளவாகத் தெரியாது. 7-ம் நூற்றாண்டு மன்னர் ஹர்ஷர் எழுதியதாகச் சொல்லப்படும் ‘நாகானந்தம்’ நாடகத்தின் நாயகன் இவன். கருடனுக்குத் தினமும் ஒரு நாகம் இரையாகப் போக வேண்டும் என்ற ஒப்பந்தம். ஒருநாள் சங்கசூடன் என்ற நாகத்தின் முறை. அவனுடைய அம்மா அழுவதைப் பார்க்கிறான் ஜீமூதவாகனன். அவனுக்குப் பதிலாகத் தானே பலிப்பாறையில் போய்ப் படுத்துவிடுகிறான். தன் நாட்டுக்காக இல்லை, தன் குலத்துக்காகவும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு தாயின் கண்ணீருக்காக.

அற வீரம்: யாரும் பார்க்காதபோதும்

சொன்ன சொல்லுக்காக நாட்டையும் குடும்பத்தையும் இழந்து, சுடுகாட்டில் வேலை பார்த்த அரிச்சந்திரன் கதை எல்லோருக்கும் தெரியும். தருமரின் கடைசிக் காட்சி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

மகாபாரதத்தின் இறுதியில் தம்பிகளும் திரௌபதியும் வழியிலேயே விழுந்து இறக்கிறார்கள். கூட வருவது ஒரு நாய் மட்டும். சொர்க்கத்துக்கு அழைத்துப்போக இந்திரன் தேரோடு வருகிறான். நாய்க்கு இடமில்லை என்கிறான். நம்பிக் கூட வந்ததை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தருமர் நின்றுவிடுகிறார். பார்க்க ஆளில்லாத, யாரும் பாராட்டப்போகாத இடத்தில் எடுத்த முடிவு அது.

அதே தருமர், துரோணரை வீழ்த்த அஸ்வத்தாமன் இறந்துவிட்டதாக நம்பும்படி அரை உண்மை சொன்னவரும்தான். அதுவரை தரையைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவரது தேர் அந்த நொடியே மண்ணில் இறங்கியது என்று எழுதி வைத்திருக்கிறது மகாபாரதம்.

தமிழில் பெரியபுராணம் ஒரு கடினமான உதாரணம் தருகிறது. திருக்கோவலூரை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன், சிவனடியார் வேடத்தில் ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்து அவரைக் குத்துகிறான். மெய்க்காவலன் தத்தன் வாளை உருவுகிறான். விழுந்துகொண்டிருக்கும் அரசர் அவனைத் தடுத்து, இவரைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவிட்டு வா என்கிறார். கொதித்துப்போன ஊர் மக்களை விலக்கி, கொலைகாரனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தத்தன் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அரசரின் உயிர் பிரிகிறது. அரசர் செய்தது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் வாளை உருவிய கையை அடக்கி, எதிரிக்கு வழித்துணை போன தத்தனின் நெஞ்சுரத்தை யார் மறுக்க முடியும்?

ஒரு வகையில் வீரர், இன்னொன்றில்?

இங்கேதான் மரபு நம்மை உஷார்ப்படுத்துகிறது. ஒரு வகை வீரம் இருந்தால் மற்றதும் தானாக வந்துவிடும் என்று அது சொல்லவில்லை.

அஸ்தினாபுர சூதாட்டச் சபையை எடுத்துக்கொள்ளுங்க. பீஷ்மர், துரோணர், பாண்டவர்கள் எனக் காலத்தின் பெரிய வீரர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். தன்னைத் தானே சூதில் தோற்ற ஒருவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை இருக்கிறது என்று திரௌபதி கேட்டாள். அறம் நுட்பமானது என்று பீஷ்மர் தடுமாறினார். கொடைவீரன் கர்ணன் அவளை இழிவாகப் பேசினான். அவளுக்கு ஆதரவாக எழுந்து பேசியது துரியோதனனின் தம்பி விகர்ணன். போர்க்களப் பட்டியலில் பெரிய பெயர் கிடையாது அவனுக்கு. அன்றைக்கு அந்தச் சபையில் வீரம் இருந்தது விகர்ணனிடமும், கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடமும்தான்.

எல்லோருக்கும் இடம் கிடைத்ததா?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இலக்கண நூல் தரும் நான்கு உதாரணங்களில் ஒரு பெண்கூட இல்லை. எமனோடு வாதாடி ஜெயித்த சாவித்திரியைக் கற்புக்கு உதாரணமாகச் சொல்கிறோம். மரணத்தின் கண்ணைப் பார்த்துப் பேசிய துணிச்சலுக்காகச் சொல்வது குறைவு.

ஏகலைவனின் கதை இன்னும் கசப்பானது. வேடர் குலத்தவன் என்பதால் துரோணர் அவனுக்கு வில் கற்றுத்தர மறுத்தார். தானாகவே கற்றுக்கொண்டவனிடம் பிறகு குருதட்சணையாக வலது கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். கவசம் கொடுத்தவனைக் கொடைவீரன் என்று கொண்டாடும் நாம், விரலைக் கொடுத்தவனை அப்படிக் கொண்டாடுகிறோமா? யாருடைய தியாகம் வீரமாக எண்ணப்படும் என்பதைப் பிறப்பு தீர்மானித்த காலம் அது. அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஒருவரைத் தாக்கும் வீடியோ வைரலானால், அதுக்குக் கீழே ‘வீரம்’ என்று கமென்ட் வரும் காலம் இது. பகவத் கீதையின் 16-வது அத்தியாயம் தெய்விக குணங்களைப் பட்டியலிடும்போது முதலில் வைப்பது அஞ்சாமை. அதே பட்டியலில் அகிம்சை, உண்மை, கோபமின்மை, உயிர்கள் மேல் இரக்கம் எல்லாம் வரிசையாக வருகின்றன. அஞ்சாமையை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொள்ள அந்த நூல் இடம் தரவில்லை. சமயம் கடந்த திருக்குறளும், எதிரிக்கு ஓர் இடர் வந்தால் உதவுவதுதான் வீரத்தின் கூர்மை என்கிறது.

நாட்டின் விருது முறையிலும் இந்த விரிந்த பார்வைக்கு இடமுண்டு. எதிரியோடு மோதும் களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கான உயரிய விருது அசோக சக்ரா. பொதுமக்களும் இதைப் பெறலாம். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர் நீரஜா பானோட். பயணிகளைத் தப்பிக்க வைக்கும் முயற்சியில் சுடப்பட்டு இறந்தார். 23-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களே இருந்தன. மறைவுக்குப் பிறகு அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. அவர் கையில் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை.

நாட்டிய சாஸ்திரமோ சாகித்ய தர்ப்பணமோ கையில் இருந்தால், நீரஜாவை எந்த வகையில் சேர்ப்பீங்க? கருணை வீரமா, அற வீரமா, இல்லை தன்னையே கொடுத்த கொடை வீரமா?